எந்தக் கோப்பு எஞ்சுகிறது? தேசிய நூலகங்களும் சேலம், நாமக்கல் தலித் அரசியல் ஆவணங்களும்

ஒரு நாட்டின் அரசியல் நினைவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்தியாவில் அதற்குச் சட்டப்படியான விடை உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டம், நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும் என்கிறது. அம்மூன்றில் ஒன்று சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமாரா பொது நூலகம். அரசு எழுதியவை புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கும், எழும்பூரிலேயே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் செல்கின்றன. அச்சிட்டவை நூலகத்துக்கு, ஆண்டவர்கள் எழுதியவை காப்பகத்துக்கு என்பதே இந்த ஏற்பாடு.

ஒடுக்கப்பட்ட மக்களின் அரசியலோ பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் வெளியே நடந்தது. அது துண்டறிக்கையாக, மனுவாக, சங்கத்தின் தீர்மானப் புத்தகமாக, மேடைப் பேச்சாக, வாய்மொழியாக வாழ்ந்தது. நூலகத்துக்கு அனுப்பும் பதிப்பாளர் அதற்கு இல்லை. காப்பகத்துக்கு அனுப்பும் அலுவலகமும் இல்லை. இந்த இடைவெளி வெறும் வரலாற்றுக் குறை மட்டுமன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமை வழக்கு ஆகிய மூன்றிலும் உரிமையைத் தீர்மானிப்பது ஏதோ ஓர் அறையில் எஞ்சியிருக்கும் அல்லது எஞ்சாமற்போன தாள்தான். ஆகவே இந்நிறுவனங்கள் எவ்வாறு இயங்குகின்றன, எவற்றைக் காக்கின்றன, எவற்றைக் கைவிடுகின்றன என்பதை அறிவது போராட்டப் பணியின் ஒரு பகுதி எனக் கருதுகிறோம்.

நிறுவனங்கள் உருவான வழி

கொல்கத்தா தேசிய நூலகத்தின் முன்னோடி 1891இல் அமைந்த இம்பீரியல் நூலகம். கர்சன் பிரபு 1903இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். விடுதலைக்குப்பின் 1948இல் அது தேசிய நூலகம் எனப் பெயர் மாற்றம் பெற்று, 1953இல் பெல்வெடியர் மாளிகையில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. தமிழுக்கென ஒரு பிரிவும் அங்கு உண்டு. கன்னிமாரா 1896இல் திறக்கப்பட்டு, 1955 முதல் ஒப்படைப்பு நூலகமாக விளங்குகிறது. பருவ இதழ்களும் நாளிதழ்களும் 1956இல் செய்யப்பட்ட திருத்தத்தால் இச்சட்டத்துக்குள் வந்தன.

நூல் வெளியான 30 நாள்களுக்குள் படியை அனுப்ப வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை தண்டமும் நூலின் விலையும் என்பது சட்டம் இயற்றப்பட்டபோது வகுக்கப்பட்ட தண்டனை. இத்தகைய தண்டனைக்கு அஞ்சி நூல் அனுப்புவோர் எவரும் இரார். முறையான அலுவலகமும் கணக்குமுள்ள பெரும் பதிப்பகங்களே பெரிதும் அனுப்புகின்றன. ஒரு வட்டாரத் தலித் அமைப்பு 500 படிகள் அச்சிட்டு மாநாட்டு மேடையில் விற்கும் சிறுநூல் அந்த நிரலில் ஏறுவது அரிது. தேசிய நூலகத்தின் அடுக்கில் அந்நூல் இல்லையென்றால், நூறு ஆண்டுகளுக்குப்பின் வரும் ஆய்வாளருக்கு அப்படியொரு நூல் வெளிவந்ததே தெரியாது.

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் தொடக்கம் 1805. அன்றைய ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் நிர்வாகத் தாள்களை ஓரிடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். எழும்பூர்க் கட்டடத்தில் 1909 முதல் சென்னைப் பதிவேட்டு அலுவலகம் இயங்கியது. 1973இல் இன்றைய பெயரைப் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் தொட்டுள்ள நிர்வாக ஆவணங்கள் அங்கே உள்ளன. ஆள்வோர் வரி வசூலிக்கவும் கண்காணிக்கவும் எழுதிக்கொண்டவை அவை. ஆளப்பட்டவர்களைப் பற்றி அவற்றில் நிறைய உண்டு. ஆளப்பட்டவர்கள் எழுதியவை குறைவு.

எஞ்சிய இதழ்களும் எஞ்சாத இதழ்களும்

தமிழகத் தலித் இதழியல் 1869இல் வெளிவந்த ‘சூரியோதயம்’ இதழிலிருந்து தொடங்குகிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் பண்டிதர் மறையும்வரை தொடர்ந்தது.

இவற்றுள் ‘தமிழன்’ நமக்குக் கிடைத்ததற்குப் பொது நூலகங்களைவிடத் தனிமனிதர்களே காரணம். அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைக் கட்டிக் காத்தனர். அவ்விதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஒரு பெரும் சிந்தனையாளர் மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பின்னரே தமிழ் அறிவுலகத்தின் மையத்துக்கு வந்தார். அந்த இதழ்க் கட்டுகள் கரையானுக்கோ பழைய தாள் கடைக்கோ போயிருந்தால் அந்த வருகையும் நேர்ந்திராது.

‘பறையன்’ இதழுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதன் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. அதில் வந்த சில செய்திகளை நாம் அறிவது, சுதேசி இதழ்களைக் கண்காணிக்கக் காலனிய அரசு ஆங்கிலத்தில் தயாரித்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளின் வழியாக. ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி எழுதிய ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ நூல், இவ்வாறு சிதறிக்கிடந்த தடயங்களைச் சேர்த்து அந்த உலகை மீட்டது. நூலகம் காக்கத் தவறியதை ஒற்றறிக்கை காத்தது. அரசின் கண்காணிப்பே நம் வரலாற்றுக்கு மூலமாக வாய்த்த இந்த நிலையை நாம் மறக்கலாகாது.

சமவெளியின் பதிவேடுகள் யாரைப் பேசுகின்றன?

சேலம் வட்டாரம் ஆவணங்களுக்கு வறண்ட பகுதியன்று. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதியைக் கம்பெனி பெற்றபின் அலெக்சாண்டர் ரீடும், அவர்க்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தனர். அக்காலத்துத் தாள்கள் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் பின்னர்ப் பகுதி பகுதியாக அச்சேறின. லெஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இலும், ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடி 1918இலும் வந்தன.

அரசியல் வரலாற்றிலும் சேலத்தின் பெயர் அடிக்கடி வரும். 1882 கலவர வழக்கும் அதில் சிக்கி விடுபட்ட சி. விஜயராகவாச்சாரியாரும், 1917இல் நகராட்சித் தலைவரான இராஜாஜியும், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமமும், 1937இல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கும், 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமான சேலம் மாநாடும், 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் எல்லா வரலாற்று நூல்களிலும் உள்ளன.

இதே காலத்தில் இதே மண்ணில் அருந்ததியரும் பறையரும் என்ன அரசியல் செய்தனர்? எந்தக் கிணற்றுக்காக, எந்தத் தெருவுக்காக, எந்தக் கூலிக்காக மனுக் கொடுத்தனர்? மாவட்டக் கையேடும் விவரச்சுவடியும் அவர்களைச் சாதிக் குறிப்பாக, குடிக்கணக்கின் எண்ணாக, பண்ணையாளாகப் பதிவு செய்கின்றன. அரசியல் செய்த மனிதர்களாக அல்ல.

அதற்கு மாற்றான ஒரு மூலம் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள். 1920இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமியும் இரட்டைமலை சீனிவாசனும் பின்னர் அவ்வவையில் இடம்பெற்றனர். பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றில் தீண்டத்தகாதோர் எனப்பட்டோர் தடையின்றிச் செல்லலாம் என்ற 1924ஆம் ஆண்டுத் தீர்மானம் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தது. இவர்கள் எழுப்பிய வினாக்களும் அரசு தந்த விடைகளும் அச்சில் உள்ளன. மாவட்டம் மாவட்டமாக அவற்றைத் தேடிப் பிரித்தெடுக்கும் பணி ஒரு கல்லூரி மாணவர் குழுவால் செய்யக்கூடியதே.

தேடுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று எல்லை மாற்றம். நாமக்கல் வட்டம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறிது காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி முதல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ஆகையால் இராசிபுரத்திலோ பரமத்தியிலோ உள்ள ஒரு சேரியின் பழைய கோப்பை நாமக்கல்லில் மட்டும் கேட்டுத் திரும்பிவிடக்கூடாது. சேலம் ஆட்சியர் அலுவலகத்தின் பதிவறையிலும் எழும்பூரிலும் கேட்க வேண்டும். ‘கோப்பு இல்லை’ என்ற விடைக்கு ‘இங்கே இல்லை’ என்பதே பல வேளைகளில் பொருள்.

ஒரு கோப்பின் ஆயுள்

அலுவலகத்தில் ஒரு மனு முடிக்கப்படும்போது அதற்கு ஓர் ஆயுள் குறிக்கப்படுகிறது. ஓராண்டில் அழிக்கத்தக்கது எல்.டிஸ்.; மூன்றாண்டு காக்கத்தக்கது கே.டிஸ்.; பத்தாண்டு காக்கத்தக்கது டி.டிஸ்.; என்றும் காக்கத்தக்கது ஆர்.டிஸ். தமிழில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று கடிதத் தலைப்பில் காணும் சுருக்கங்கள் இவற்றையே குறிக்கும். சுடுகாட்டுப் பாதை கேட்டு ஒரு குடியிருப்பு மக்கள் கொடுத்த மனு ஓராண்டு முடிவாகக் குறிக்கப்பட்டால், அடுத்த தலைமுறை அதே பாதையைக் கேட்டு வழக்குத் தொடுக்கும்போது முன்பு கேட்டதற்கான சான்று அலுவலகத்தில் இராது. ஒரு மக்கள் கூட்டத்தின் அரசியல் வரலாறு எவ்வளவு நாள் வாழ வேண்டும் என்பதை ஒரு எழுத்தரின் பேனா இவ்வாறு முடிவு செய்துவிடுகிறது. எழும்பூர்க் காப்பகத்தை வந்தடைவது இந்தச் சல்லடையில் தப்பியவை மட்டுமே.

இதன் விலையை நிலத்தில் காணலாம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டுகள் விற்கலாகாது; அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது என்ற நிபந்தனையுடன் நிலம் வழங்கப்பட்டது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அந்நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் போராட்டக் களத்தில் உயிரிழந்தனர்.

பஞ்சமி நிலத்தை மெய்ப்பிப்பது பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டிலும் ‘அ’ பதிவேட்டிலும் குறிப்புரைப் பத்தியில் உள்ள இரண்டொரு சொற்கள்தாம். 1979 முதல் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர்களும் குறிப்புகளும் மாறிப்போயின என்பது தமிழகமெங்கும் நில உரிமை இயக்கங்கள் தொடர்ந்து எழுப்பும் புகார். இன்றைய கணினிப் பட்டாவில் பழைய குறிப்பு இல்லாதபோது, பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் ஒன்றே மக்கள் கையிலுள்ள ஆயுதம். வட்டாட்சியர் அலுவலகத்தின் அந்தப் பதிவேடு கிழிந்தால் நிலமும் கிழிந்தது.

ஒரு வழக்கு, ஒரு காட்சிப் பதிவு

அண்மைக்கால எடுத்துக்காட்டு திருச்செங்கோடு. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், பிற சாதி மாணவியோடு பேசினார் என்பதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் கிடந்தது. விசாரணையில் முதன்மைச் சாட்சி பிறழ்ந்தார். அந்நிலையில் வழக்கைத் தாங்கி நின்றவற்றுள் முக்கியமானது, அர்த்தநாரீசுவரர் கோவிலின் கண்காணிப்புக் கேமராக் காட்சி. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோவிலுக்கே நேரில் சென்று பார்த்தனர். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தனர்.

கேமராப் பதிவு இயல்பாகவே சில நாள்களில் அழிந்து, அதன்மேல் புதியது ஏறும். உரிய நேரத்தில் கைப்பற்றப்படாத பதிவு மீளாது. நூறாண்டுக்கு முன் தாளுக்கு இருந்த ஆபத்து இன்று வன்வட்டுக்கு இருக்கிறது. ஆண்டுக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் ஏற்கப்பட அதற்குரிய சான்றிதழும் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த இந்த நிபந்தனை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் தொடர்கிறது.

எண்களும் ஆவணமே. பட்டியல் சாதியினர்க்குரிய 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. அதற்கு முன்னர் நீதிபதி ஜனார்த்தனம் குழு, வேலையிலும் கல்வியிலும் அவர்கள் பெற்ற பங்கை ஆராய்ந்தது. 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்பாடு செல்லும் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியபோது, அதற்குத் தரவு அடிப்படை வேண்டும் என்பதும் உறுதியாயிற்று. எண்ணப்படாத மக்களின் பின்தங்கிய நிலையை நீதிமன்றத்தில் காட்ட இயலாது.

பிறர் செய்து காட்டியவை

ஆவணத்தை அழிப்பது ஒரு மக்கள் கூட்டத்தைத் தாக்குவதாகும் என்பதைத் தமிழர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 97,000 நூல்களுடன் 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் அதன் சாட்சி. அந்த இழப்பின் நினைவோடு வளர்ந்த நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது.

அமெரிக்காவில் ஆர்துரோ ஷாம்பர்க் என்ற கறுப்பின அறிஞர் தம் வாழ்நாளெல்லாம் கறுப்பின மக்களின் நூல்களையும் கையெழுத்துகளையும் சேர்த்தார். 1926இல் அத்தொகுப்பு 10,000 டாலருக்கு வாங்கப்பட்டு நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லம் கிளையில் வைக்கப்பட்டது. கறுப்பின வரலாற்றின் பெரும் ஆய்வு மையங்களுள் ஒன்றாக அது இன்று விளங்குகிறது.

நம் நாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் 1956இல் மறைந்தபின் வெளிவராத கைப்பிரதிகள் நீண்ட காலம் பெட்டிகளில் முடங்கிக் கிடந்தன. மகாராட்டிர அரசு அமைத்த குழுவும் வசந்த் மூனின் அயராத உழைப்பும் சேர்ந்து 1979 முதல் அவற்றைத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தன. முதலில் ஒருவர் காத்தார். பின்னர் மக்கள் கேட்டனர். அதன்பின்னரே அரசு ஏற்றது. மூன்று இடங்களிலும் வரிசை இதுவே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒப்படைப்பு. நம் அமைப்புகள் வெளியிடும் ஒவ்வொரு நூலையும் மலரையும் இதழையும் கன்னிமாராவுக்கும் கொல்கத்தாவுக்கும் உரிய மற்ற இரு நூலகங்களுக்கும் அனுப்பி ஒப்புகை பெற வேண்டும். அதற்குச் செலவாவது அஞ்சல் கட்டணமே. பெறுவது நாட்டின் நூற்பட்டியலில் நிலையான ஓர் இடம்.

இரண்டாவது, கோப்பின் ஆயுளைக் கேட்பது. மனுவுக்கு விடை வரும்போது முடிவு வகையைப் பாருங்கள். நிலம், பாதை, சுடுகாடு, கோவில் நுழைவு, வன்கொடுமை தொடர்பான கோப்புகளை நிரந்தரமாகக் காக்குமாறு எழுத்து வழியே கோருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, பதிவேடுகளை அட்டவணைப்படுத்திப் பேணுவது அலுவலகத்தின் கடமை என்கிறது. 8(3) பிரிவின்படி, 20 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வு பற்றிய தகவலைச் சில விலக்குகள் தவிர மறுக்க இயலாது.

மூன்றாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உருவாக்கும் ஆவணங்கள். 1995ஆம் ஆண்டு விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டுப் பெற்று ஆண்டுவாரியாகச் சேர்த்தால், இரு மாவட்டங்களின் சாதி வன்முறை வரலாறு அரசின் சொந்தச் சொற்களிலேயே கிடைக்கும். சட்டத்தின் 15அ(10) பிரிவு, இவ்வழக்குகளின் நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு நடக்கிறதா என்று ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டும்.

நான்காவது, எழுதப்படாதவை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைத்தோர், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர், நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் லாரிப் பட்டறைகளிலும் வேலை பார்த்தோர், தலைமுறை தலைமுறையாகத் துப்புரவுப் பணியில் தள்ளப்பட்டோர் ஆகியோரின் நினைவுகள் எந்த நூலகத்திலும் இல்லை. அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேச்சுமொழி தெலுங்கு. ஒரு சிலவற்றில் கன்னடம். அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே பதிவு செய்து, பின்னர்த் தமிழில் எழுத்தாக்குவதே முறை. துண்டறிக்கையை மின்வருடும்போது நாள், இடம், அச்சகம், கொடுத்தவர் இசைவு ஆகிய நான்கையும் குறிக்காவிட்டால் அது ஆவணமாகாது. வெறும் படமாகவே நிற்கும். ஒரு படி சேலத்திலும் மற்றொன்று வேற்றூரிலும் இருக்கட்டும். வன்கொடுமைக்கு ஆளானவர்களின் பெயரும் முகவரியும் அவர்கள் விருப்பமின்றி வெளியாகாமல் காப்பதும் ஆவணக் காப்பாளரின் கடமையே.

ஐந்தாவதாக ஒரு பொதுக் கோரிக்கை. பொது நூலகச் சட்டத்தை 1948இலேயே இயற்றி இந்தியாவுக்கு முன்னோடியானது சென்னை மாகாணம். வீட்டு வரியோடு நூலக வரியை இன்றும் சேரி மக்களும் செலுத்துகின்றனர். சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள மாவட்ட மைய நூலகங்களில் ஒடுக்கப்பட்ட மக்களின் அரசியல் ஆவணங்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றையும், அவற்றைக் காக்கப் பயிற்சி பெற்ற ஒருவரையும் கேட்பது சலுகை கோரல் ஆகாது. செலுத்திய வரிக்குரிய பங்கையே கேட்கிறோம்.

எதைக் காப்பது என்ற முடிவு எப்போதும் யாரோ ஒருவரால் எடுக்கப்படுகிறது. கடந்த இரு நூற்றாண்டுகளில் அம்முடிவை எடுத்த மேசைகளில் நாம் இருந்ததில்லை. இனி நடக்கும் ஒவ்வொரு கூட்டத்தின் தீர்மானத்தையும், கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலையும், பெறும் ஒவ்வொரு ஒப்புகைச் சீட்டையும் நாளிட்டுக் கோப்பில் இடும் அமைப்பு, அந்த மேசையில் தனக்கான இருக்கையைத் தானே போட்டுக்கொள்கிறது.